அஸ்டேர் பாடுகிறார்

ஃபிரெட் அஸ்டேர் ஆடி நான் பார்த்தது பிற்பாடுதான். அதற்கு வெகு காலம் முன்பே அவர் பாடக் கேட்டிருந்தேன், ஆடவும் கேட்டிருந்தேன். அதனால் என் மனதில் அவர் முதலில் பாடகர். ஹாலிவுட் கண்ட மிகப் பெரிய நடனக்காரர் அவர் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவருடைய பாட்டை, இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே மூச்சு வாங்கிக்கொள்ளக் கிடைத்த நேரம் என்பது போலப் பேசுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

கேட்டு அறிவது எங்கள் வீட்டுக்குப் பழகிய காரியம். அப்பா மிருதங்கக்காரர், தஞ்சாவூர்ப் பக்கம். சனிக்கிழமை இரவு ஒன்பதரைக்கு அகில இந்திய வானொலியில் தேசிய சங்கீத நிகழ்ச்சி வரும். அப்போது வீட்டில் யாரும் எழுந்து நடமாடக் கூடாது. தம்புராவுக்குப் பின்னால் ஒரு கனைப்புக் கேட்டாலே இன்னார் என்று அப்பா சொல்லிவிடுவார். பாடுகிறவருக்கும் பக்கவாத்தியக்காரருக்கும் அன்று ஒத்துப்போகிறதா இல்லையா என்பதுகூட அவருக்குப் பெட்டி வழியே தெரிந்துவிடும். அப்படி வளர்ந்த காதோடுதான் 1990-களின் தொடக்கத்தில் கல்யாணமாகி, வாஷிங்டனை ஒட்டிய மேரிலாந்துக்குப் போனேன்.

அங்கே டபிள்யூ.ஏ.எம்.யூ. என்ற வானொலி நிலையத்தில் ஞாயிறு இரவு 'தி பிக் பிராட்காஸ்ட்' என்று ஒரு நிகழ்ச்சி. டெலிவிஷன் வருவதற்கு முன் அமெரிக்கா கேட்டுக்கொண்டிருந்த நாடகங்களையும் நகைச்சுவை நிகழ்ச்சிகளையும் எடுத்து மறுபடி ஒலிபரப்புவார்கள். அதை நடத்தியவர் எட் வாக்கர், பிறவியிலேயே பார்வையற்றவர். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னால் அவர் இரண்டு வார்த்தை சொல்வார்: எந்த ஆண்டு, யார் யார் குரல் கொடுத்தார்கள், எந்தச் சோப்புக்காரர் காசு கொடுத்தார். சின்ன வயதில் தன் வீட்டு ரேடியோவில் கேட்டதை வளர்ந்து தன் கையாலேயே ஊருக்குப் போட்டுக்காட்டுகிற ஒருவருடைய சந்தோஷம் அந்தக் குரலில் இருக்கும். 2015 அக்டோபரில், தன் கடைசி நிகழ்ச்சி ஒலிபரப்பாகிச் சில மணி நேரத்தில் அவர் காலமானார். பழைய ரேடியோ என்ற பெரிய வீட்டுக்குள் என்னைக் கூட்டிக்கொண்டு போனவர் அவர்தான்.

அவர் போட்டவற்றில் நாடகம் அதிகம். துப்பறியும் கதை, கௌபாய் கதை, ஜாக் பென்னியின் நகைச்சுவை. எனக்குப் பாட்டு வேண்டும். பழைய வானொலிப் பதிவுகளைக் கேசட்டில் போட்டுத் தபாலில் விற்பவர்கள் அப்போது அமெரிக்காவில் நிறைய இருந்தார்கள். அவர்களின் பட்டியலை வரவழைத்து, வெரைட்டி ஷோ என்று போட்டிருந்த பக்கங்களில் கோடு போட ஆரம்பித்தேன்.

1929-இல் ரூடி வேலீ என்ற பாடகர் ஃபிளெய்ஷ்மன் ஈஸ்ட் கம்பெனிக்காக ஒரு வெரைட்டி நிகழ்ச்சி தொடங்கினார். பின்னால் வந்த எல்லாருக்கும் அதுதான் அச்சு. நடுவில் ஒரு நட்சத்திரம், அவருக்குப் பின்னால் ஒரு பெரிய ஆர்க்கெஸ்ட்ரா, ஒரு நகைச்சுவைக்காரர், ஒரு பாடகி, வாராவாரம் ஒரு விருந்தாளி, இவர்களுக்கு இடையில் விளம்பரத்தைக் கதை போலச் சொல்லிவிடும் அறிவிப்பாளர். நிகழ்ச்சியைத் தயாரித்தது பெரும்பாலும் விளம்பர நிறுவனமே. வானொலி நிலையம் நேரத்தை விற்றது, அவ்வளவுதான். சீஸ் விற்றவர் பாடகர் பிங் கிராஸ்பியை வைத்துக்கொண்டார். காப்பி விற்றவர் எட்கர் பெர்கனைப் பிடித்தார். பெர்கன் மடியில் பொம்மையை வைத்துக்கொண்டு உதடு அசையாமல் பேசும் கலைஞர். ரேடியோவில் உதடு அசைகிறதா இல்லையா என்று யார் பார்ப்பது? ஆனாலும் நாடே அந்தப் பொம்மைக்காக ஞாயிறு இரவு காத்திருந்தது. கண்ணுக்கான வித்தை ஒன்று காதுக்கு வந்தால் அதில் எது மிஞ்சுகிறது என்று நான் யோசிக்கத் தொடங்கியது பெர்கனைக் கேட்டபிறகுதான்.

எல்லாம் நேரடி ஒலிபரப்பு. என்.பி.சி.யும் சி.பி.எஸ்.ஸும் பதிவு செய்த இசைத்தட்டைத் தங்கள் வலையமைப்பில் போட அனுமதிக்கவில்லை. பாடகருக்கு இருமல் வந்தால் அது நாடு முழுவதும் போய்ச் சேரும். இன்று நமக்குக் கிடைப்பவை, விளம்பரதாரரோ கலைஞரோ தன் கணக்குக்கு வெட்டிவைத்துக்கொண்ட 16 அங்குலத் தட்டுகளிலிருந்து வந்தவை. அலுமினியத்தின் மேல் அரக்குப் பூச்சு. ஒரு பக்கத்துக்குச் சுமார் பதினைந்து நிமிடம். ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு நான்கு பக்கம் வேண்டும். அதில் ஒரு பக்கம் உடைந்தாலோ தொலைந்தாலோ அந்த இரவின் கால் பங்கு போயிற்று. கேசட்டில் திடீரென்று பாட்டு பாதியில் நின்று அறிவிப்பாளர் விடைபெறுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு பகீரென்று இருக்கும்.

தபாலில் வரவழைத்த அந்தக் கேசட் பட்டியலில்தான் 'பேக்கார்டு ஹவர்' கிடைத்தது. பேக்கார்டு அந்தக் காலத்துப் பணக்காரர்களின் கார். பொருளாதார வீழ்ச்சியில் பணக்காரர்கள் குறைந்துபோனதும், 1935-இல் 120 என்ற பெயரில் நடுத்தர விலைக்கு ஒரு காரைக் கொண்டுவந்தார்கள். அதை ஊரெல்லாம் அறிய வேண்டும். 1936 செப்டம்பர் 8 முதல், செவ்வாய் இரவு ஒன்பதரை மணிக்கு, என்.பி.சி.யில் ஒரு மணி நேரம். நட்சத்திரம் ஃபிரெட் அஸ்டேர். ஆர்க்கெஸ்ட்ராவுக்கு ஜானி கிரீன். நகைச்சுவைக்குச் சார்லி பட்டர்வொர்த். என் அப்பாவின் ஒன்பதரை சனிக்கிழமை, இவர்களுடையது செவ்வாய்க்கிழமை.

ஒரு நடனக்காரரை ரேடியோவுக்கு அழைத்தது கிறுக்குத்தனம் என்று தோன்றலாம். அஸ்டேர் அந்தச் சமயத்தில் சும்மா ஒரு நடனக்காரர் இல்லை. 'ஸ்விங் டைம்' படம் வெளிவந்த நேரம் அது. அதில் ஜெரோம் கெர்ன் இசையில் டோரதி ஃபீல்ட்ஸ் எழுதி அஸ்டேர் பாடிய 'தி வே யூ லுக் டுநைட்' அந்த ஆண்டின் ஆஸ்கரை வாங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு 'டாப் ஹேட்' படத்தில் இர்விங் பெர்லினின் 'சீக் டு சீக்'. இன்னும் பின்னால் போனால், 1932-இல் கோல் போர்ட்டரின் 'நைட் அண்ட் டே'. இசைத்தட்டுக் கடைகளில் அஸ்டேர் பெயர் விற்றது. அவரே பாட்டுக் கட்டுவார். ஜானி மெர்சரோடு சேர்ந்து எழுதிய ஒன்று 'யுவர் ஹிட் பரேட்' நிகழ்ச்சியின் வாராந்திரப் பட்டியலுக்குள் வந்தது.

கேசட்டைப் போட்டேன். இரண்டு பாட்டு, பட்டர்வொர்த்தோடு கொஞ்சம் பேச்சு, காரைப் பற்றி நாலு வார்த்தை. பிறகு ஆர்க்கெஸ்ட்ரா சட்டென்று தணிந்தது. அந்த இடத்தில் காலணி கேட்டது. உலோகத் தகடு பதித்த காலணி, கட்டைத் தளத்தில். டாப் நடனம் என்ற பெயரை அதுவரை படித்திருந்தேன்; காதில் விழுந்தது அன்றுதான். ஒரு சொல், சின்ன இடைவெளி, மூன்று சொல், நீண்ட கார்வை, அப்புறம் அருவி. ஸ்டூடியோவில் உட்கார்ந்திருந்தவர்கள் கை தட்டுகிறார்கள். அவர்கள் எதைப் பார்த்தார்கள் என்பது எனக்குத் தேவைப்படவே இல்லை.

தன் சுயசரிதையில் அஸ்டேர் இந்த ரேடியோ நாட்களைப் பற்றி எழுதியிருக்கிறார். படத்தில் அவர் பாயலாம், சுழலலாம், ஒரு கையை மட்டும் நீட்டி நிற்கலாம். மைக்குக்கு அதில் எதுவும் கேட்காது. கைவீச்சுக்கும் பாய்ச்சலுக்கும் அங்கே ஒலி இல்லை. அதனால் தரையை விட்டு எழும்பாமல், ஒரே இடத்தில் நின்று, நெருக்கமாகத் தட்டிக்கொண்டே இருக்கும் ஆட்டத்தை அவர் ரேடியோவுக்கென்று அமைக்க வேண்டியிருந்தது. வாரந்தோறும் புதிதாக. பகலில் 'ஷால் வி டான்ஸ்' படப்பிடிப்பு. 1937 கோடையின் தொடக்கம் வரை தாக்குப்பிடித்தார். அதற்குப் பிறகு அப்படி ஒரு வாராந்திர நிகழ்ச்சியை அவர் ஏற்கவில்லை.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விடக் கூடாது. டாப் நடனத்தின் தாய்வீடு கறுப்பின அமெரிக்கர்களுடையது. பில் ராபின்சன், ஜான் பப்பிள்ஸ் போன்றவர்களிடமிருந்து அஸ்டேர் எடுத்துக்கொண்டது ஏராளம். பப்பிள்ஸின் காலுக்கு விளம்பரதாரர் யாரும் செவ்வாய் இரவில் ஒரு மணி நேரம் வாங்கித் தரவில்லை. 1937-இல் ரூடி வேலீயின் அதே ஈஸ்ட் கம்பெனி லூயி ஆம்ஸ்ட்ராங்குக்குச் சில வாரங்கள் ஒரு நிகழ்ச்சி கொடுத்தது. நாடு தழுவிய விளம்பர நிகழ்ச்சியைக் கறுப்பினக் கலைஞர் ஒருவர் நடத்தியது அதுவே முதல் தடவை. அந்தப் பொற்காலத்தின் கதவு எவ்வளவு குறுகலாக இருந்தது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம். பேக்கார்டு கேசட்டை நான் ரசித்துக் கேட்கும்போதும் இது மனதில் உறுத்திக்கொண்டே இருக்கும்.

ஒரு கோடையில் அப்பா மேரிலாந்துக்கு வந்தார். வந்த புதிதில் அவருக்குப் பொழுதே போகவில்லை. வெளியே நடக்கப் போனால் பேச ஆள் இல்லை. ஒரு மத்தியானம் நான் எதுவும் சொல்லாமல் அந்த டாப் பகுதியைப் போட்டேன். நாற்காலியில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார். வலது கை தானாகத் தொடைக்குப் போயிற்று.

"யாரு பாப்பா இது? சொல்லு ஒவ்வொண்ணும் தனித்தனியா விழுதே!"

"வாத்தியம் இல்லப்பா. கால்."

"காலா?" என்றார். "திரும்பப் போடு."

மறுபடி போட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் ததிங்கிணதோம் சொல்லிப்பார்த்தார். பல இடங்களில் அது பொருந்தவில்லை. பொருந்தாத இடத்தில்தான் அவருக்குச் சுவாரசியம். "அடிக்கிறதை விட அடிக்காம விடற இடத்தப் பாரு" என்றார். அதற்குப் பிறகு நான் கேசட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. அவரே கேட்க ஆரம்பித்துவிட்டார்.

அவருக்காகத்தான் 1926-இல் லண்டனில் பதிவான தட்டுகளைத் தேடிப் பிடித்தேன். இசையமைப்பாளர் ஜார்ஜ் கெர்ஷ்வின் பியானோ வாசிக்கிறார். அஸ்டேரும் அவருடைய அக்கா அடேலும் பாடுகிறார்கள். இருவரும் நெப்ராஸ்காவின் ஒமாஹாவில் பிறந்து, குழந்தைகளாக மேடையேறி, 'லேடி, பி குட்!' என்ற நாடகத்தால் நியூயார்க்கையும் லண்டனையும் பிடித்தவர்கள். ஒரு தட்டில் அஸ்டேர் தனியாகப் பாடி, நடுவில் டாப் ஆடுகிறார். கெர்ஷ்வின் பியானோவிலிருந்து அவரை நோக்கி உற்சாகமாகக் குரல் கொடுக்கிறார். கச்சேரியில் பாடகர் திரும்பிப் பார்த்து 'சபாஷ்' சொல்வது எங்களுக்குப் புதிதா? அப்பா வாய்விட்டுச் சிரித்தார்.

அதே தொகுப்பில் கெர்ஷ்வினின் 'ஃபேசினேட்டிங் ரிதம்'. நான்கு அடித் தாளம். அதற்கு மேலே போகும் மெட்டோ ஏழு அரை அடி நீளமுள்ள ஒரு துணுக்கு. அது திரும்பத் திரும்ப வரும்போது, ஒவ்வொரு முறையும் எடுப்பு அரை அடி முன்னால் நகர்ந்துவிடுகிறது. கேட்பவர் தாளத்தைத் தொலைத்துவிட்டோமோ என்று நினைக்கும் நேரத்தில் எல்லாம் ஒன்றாக வந்து சேரும். அப்பா விரல் விட்டு எண்ணினார். "ஏழு," என்றார். "சதுஸ்ரத்துக்குள்ள மிஸ்ரத்த வெச்சு ஓட்டறான்." அதை எழுதியவர் மிருதங்கம் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை என்று நான் சொன்னபோது, கணக்குக்கு ஊர் ஏது என்பது போல என்னைப் பார்த்தார்.

இந்தப் பாட்டின் ஆட்டத்துக்கு முடிவு கிடைக்காமல் அக்காவும் தம்பியும் ஒத்திகையில் திண்டாடியபோது, கெர்ஷ்வின் பியானோவை விட்டு எழுந்து வந்து ஓர் அடவைச் செய்துகாட்டினாராம். அதுவே நிலைத்தது. அஸ்டேர் இதை நன்றியோடு எழுதியிருக்கிறார். பியானோக்காரருக்கு ஆட்டம் தெரிந்திருக்கிறது. ஆட்டக்காரருக்குப் பியானோ தெரியும், டிரம்ஸ் தெரியும். இந்தப் பழக்கத்திலிருந்து வந்த பாட்டு அது.

ஆனால் அஸ்டேரின் குரலை அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. "லயம் இருக்கு, சாரீரம் இல்ல" என்று ஒரே வார்த்தையில் முடித்தார். எங்களுக்குள் இது பெரிய வாதமாயிற்று. குரல் சின்னது, உண்மை. உயரத்தில் மெலிந்துபோகும். கிராஸ்பி மைக்கை நெருங்கி நின்று ஒரு ஸ்வரத்தை இழுத்தால் அறை நிரம்பும். அஸ்டேரால் அது முடியாது. ஆனால் அந்தத் தலைமுறையின் பெரிய இசையமைப்பாளர்கள் தங்கள் பாட்டை முதலில் இவர் வாயால் கேட்கவே விரும்பினார்கள். தன் பாட்டை அறிமுகப்படுத்த வேறு எந்தப் பாடகரையும் விட அஸ்டேரையே விரும்புவேன் என்று பெர்லின் சொன்னது ஊரறிந்தது. 'சீக் டு சீக்' வழக்கமான 32 பார் (தாளச் சுற்று) பாட்டு இல்லை. 72 பார் நீளும். மெட்டு ஏறிக்கொண்டே போகும். அந்த நீளத்தை ஒரு மூச்சுப் பேச்சு போலக் கொண்டுசெல்ல ஒருவர் இருக்கிறார் என்ற தைரியம் இருந்தால்தான் அப்படி எழுத வரும். 'நைட் அண்ட் டே'யின் தொடக்கத்தில் ஒரே ஸ்வரம் திரும்பத் திரும்ப அடிபடுகிறது. குரல்வளம் உள்ளவர்கள் அந்த இடத்தை எப்போது தாண்டுவோம் என்று பாடுவார்கள். அஸ்டேர் அந்த ஒற்றை ஸ்வரத்தைத் தாளமாக்கிவிடுகிறார்; கடிகாரம் அடிப்பதும் மழை சொட்டுவதும் வார்த்தையில் இருப்பதால் அவர் வேறு எதுவும் செய்யத் தேவையில்லை.

சொல் எங்கே விழ வேண்டுமோ அங்கே விழும். அதற்குள் அவசரமும் இல்லை, இழுப்பும் இல்லை. எழுதியவர் எழுதியதை அப்படியே தருவார். தன் குரலைக் காட்டிக்கொள்ள ஒரு சங்கதி கூடச் சேர்க்க மாட்டார். காலில் இருக்கும் அதே காலப்பிரமாணம் நாக்கிலும். இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். செம்மங்குடி சீனிவாச ஐயரின் குரலும் லேசில் வசப்படாத குரல்தானே என்று கேட்டேன். அப்பா செம்மங்குடியின் பரம ரசிகர். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவரோட இவரச் சேக்காத" என்றார். ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் 'நைட் அண்ட் டே'யை அவராகவே போட்டுக் கேட்டார்.

அவர் ஊர் திரும்பிய பிறகுதான் 'தி அஸ்டேர் ஸ்டோரி' என் கைக்கு வந்தது. 1952 டிசம்பரில் நார்மன் கிரான்ஸ் பதிவு செய்தது. நான்கு பெரிய தட்டுகள். ஆஸ்கர் பீட்டர்சன் பியானோ, ரே பிரௌன் பாஸ், பார்னி கெசல் கிட்டார், சார்லி ஷேவர்ஸ் டிரம்பெட். சினிமா ஆர்க்கெஸ்ட்ரா கிடையாது, சின்னக் குழு, எல்லாரும் ஜாஸ் உலகின் முதல் வரிசைக்காரர்கள். அஸ்டேருக்கு வயது 53. பாட்டுக்கு நடுவே பழைய கதை பேசுகிறார். குழுவின் வாசிப்புக்கு மேல் காலணி ஒலி மட்டும் கேட்கும் தடங்களும் உண்டு. பேக்கார்டு இரவுகளில் கற்ற வித்தையை அவர் மறக்கவில்லை. தனி ஆவர்த்தனம் என்று எங்களூரில் சொல்வது அதுதான். அப்பாவுக்குக் கேசட்டில் பதிந்து அனுப்பினேன். பதில் கடிதத்தில் குடும்பச் செய்தி இரண்டு பக்கம். அஸ்டேரைப் பற்றி நாலு வரி, அந்த நாலும் தாளத்தைப் பற்றி.

படங்களை இதற்கெல்லாம் பிறகே ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பார்த்தபோது ஆட்டம் என்னை மலைக்கவைத்தது, மறுக்க மாட்டேன். ஆனால் மனதில் நிற்பது 'ஷால் வி டான்ஸ்' படத்தின் ஒரு காட்சி. பேக்கார்டு நிகழ்ச்சியை நடத்திக்கொண்டே அவர் நடித்த படம். பாட்டு கெர்ஷ்வின் சகோதரர்களுடையது. நியூஜெர்சியிலிருந்து மன்ஹாட்டனுக்கு வரும் படகு. சுற்றிலும் மூடுபனி. பக்கத்தில் அவருடைய வழக்கமான ஜோடி ஜிஞ்சர் ராஜர்ஸ். 'தே கான்ட் டேக் தட் அவே ஃப்ரம் மீ' என்ற பாட்டை அவர் அவளிடம் பேசுவது போலப் பாடுகிறார். இசைத்தட்டில் பலமுறை கேட்டிருந்த பாட்டு. பாடி முடித்ததும் ஆடப்போகிறார்கள் என்று நினைத்தேன். அவர்கள் படத்தில் பெரும்பாலும் அப்படித்தான் போகும். ஆடவில்லை. பாட்டு முடிகிறது, காட்சியும் முடிகிறது. உலகத்திலேயே தலைசிறந்த ஆட்டக்காரரைக் கையில் வைத்துக்கொண்டு, இந்தப் பாட்டுக்கு அவர் பாடினால் போதும் என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

படம் வந்த 1937-இல், ஜூலை 11 அன்று மூளைக் கட்டியால் ஜார்ஜ் கெர்ஷ்வின் இறந்தார், வயது 38. பாட்டு ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. விருது, கிராஸ்பி படத்தில் வந்த 'ஸ்வீட் லெய்லானி' என்ற ஹவாய்ப் பாட்டுக்குப் போயிற்று. பன்னிரண்டு ஆண்டு கழித்து 1949-இல், 'தி பார்க்லீஸ் ஆஃப் பிராட்வே' படத்தில் அஸ்டேரும் ராஜர்ஸும் மறுபடி சேர்ந்தபோது, அதே பாட்டுக்கு நடனமும் அமைத்தார்கள். நல்ல நடனம். எனக்குப் படகுப் பாட்டுதான் வேண்டும்.